எழுத்தில் தடுமாறும் பிள்ளை, பொருளில் தடுமாறும் பிள்ளை: யாருக்கு எந்தப் பயிற்சி?

மூன்றாம் வகுப்பு முடியும் தறுவாயில் "உங்கள் பிள்ளைக்கு வாசிப்பு சரியாக வரவில்லை" என்று பள்ளியிலிருந்து சொல்லியனுப்பினால், ஒரு வாரத்துக்குள் பெற்றோர் முன் பல வழிகள் வந்து நிற்கின்றன. ஒருவர், எழுத்தை ஒலியோடு பொருத்தக் கற்றுத்தரும் ஃபோனிக்ஸ் வகுப்பில் சேர்க்கச் சொல்கிறார். இன்னொருவர் கண்ணில்தான் கோளாறு இருக்கும், நிறக் கண்ணாடி போட்டால் சரியாகும் என்கிறார். மூளைப் பயிற்சி மையம் ஒன்று வண்ண வண்ண மூளைப் படங்களுடன் துண்டறிக்கை தருகிறது. கைப்பேசிச் செயலி ஒன்று தினமும் இருபது நிமிடம் போதும் என்கிறது. வீட்டுப் பெரியவர்களோ, வளர வளரச் சரியாகிவிடும், அவசரப்படாதே என்கிறார்கள். இவற்றுள் எதற்குப் பணத்தையும், பணத்தைவிட அரிதான பிள்ளையின் மாலை நேரங்களையும் கொடுக்கலாம் என்பதே இங்கு நாம் பார்க்கவேண்டியது. கடந்த முப்பது ஆண்டுகளில் நடந்த மூளை ஆய்வுகள் இந்த முடிவுக்குப் பெரிதும் கைகொடுக்கின்றன; ஆனால் துண்டறிக்கைகள் சொல்லும் விதத்தில் அல்ல.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைகள் இருவரிடம் இந்த வாக்கியத்தை வாசிக்கக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம்: "மழை வலுத்ததும் கடைக்காரர் வாசலில் இருந்த சர்க்கரை மூட்டைகளை அவசரமாக உள்ளே இழுத்தார்." முதல் பிள்ளை 'வலுத்ததும்' என்ற இடத்தில் நின்றுவிடுகிறான், 'கடைக்காரர்' என்பதை எழுத்தெழுத்தாகக் கூட்டுகிறான், 'மூட்டைகளை' என்பதை 'முட்டைகளை' என்று வாசித்து, ஏதோ பொருந்தவில்லையே என்று விழிக்கிறான். வாக்கியத்தின் கடைசிக்கு வந்துசேரும்போது அதன் தொடக்கம் அவன் நினைவில் இல்லை. ஆனால் அதே வாக்கியத்தை நாம் வாசித்துக் காட்டி, கடைக்காரர் ஏன் மூட்டைகளை இழுத்தார் என்று கேட்டால், "நனைஞ்சா சர்க்கரை கரைஞ்சிடுமே" என்று உடனே சொல்லிவிடுகிறான். இரண்டாவது பிள்ளை அந்த வாக்கியத்தைத் தடங்கலின்றி, ஏற்ற இறக்கத்தோடு வாசித்து முடிக்கிறாள். ஏன் இழுத்தார் என்று கேட்டால், "மூட்டை வாசல்ல இருந்துச்சு" என்கிறாள். மழைக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பு வாக்கியத்தில் சொல்லப்படவில்லை. அதை வாசிப்பவர்தான் இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். அந்த இடம் அவளுக்கு வெறுமையாகவே இருக்கிறது. நாம் வாசித்துக் காட்டினாலும் அவளுடைய பதில் மாறுவதில்லை.

பள்ளியின் மதிப்பெண் பட்டியலில் இருவரும் ஒரே மதிப்பெண் வாங்கியிருக்கக்கூடும். முதல் பிள்ளையின் சிக்கல் டிஸ்லெக்ஸியா எனப்படுவது. இரண்டாவது பிள்ளையுடையது பொருளுணர்வுக் குறைபாடு. பிலிப் காஃப், வில்லியம் டன்மர் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1986இல் முன்வைத்த எளிய கருத்து இன்றும் இந்தத் துறையின் அடித்தளமாக இருக்கிறது: வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்பது எழுத்தைச் சொல்லாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வருவது. அவர்கள் கூட்டலைச் சொல்லாமல் பெருக்கலைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டில் ஒன்று சுழியத்தை நெருங்கினால், மற்றது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை சுழியத்தை நெருங்கும். ஆகவே எது குறைகிறதோ அதற்குத்தான் பயிற்சி தரவேண்டும். ஏற்கெனவே நிறைவாக இருப்பதற்குப் பயிற்சி தருவது பிள்ளையின் நேரத்தை வீணாக்குவது.

மூளைக்குள்ளும் இந்த இரண்டும் வேறு வேறு இடங்களில் தடுமாறுகின்றன. எழுத்து வாசிப்பு மனித மூளைக்குப் பிறப்பிலேயே வாய்த்த திறன் அன்று. எழுத்து தோன்றிச் சில ஆயிரம் ஆண்டுகளே ஆகின்றன. எனவே, பேச்சுக்கும் பார்வைக்கும் இருந்த பகுதிகளை வாசிப்பு தன் வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. இடது அரைக்கோளத்தில் பிடரி மடலும் பொட்டு மடலும் சேரும் அடிப்பகுதியில், பழகிய சொற்களை ஒரே பார்வையில் அடையாளம் காணும் பகுதி ஒன்று உருவாகிறது. ஸ்தானிஸ்லாஸ் தெஹானும் லோரன் கோஹனும் அதைச் சொல்வடிவப் பகுதி என்று அழைத்தார்கள். காதுக்கு மேலே, சற்றுப் பின்புறமாக உள்ள பொட்டு–சுவர் மடல் சந்திப்பு, எழுத்தை ஒலியோடு பொருத்துகிறது. நெற்றி மடலின் கீழ்ப்பகுதி ஒலிப்பையும் சொற்பொருள் தேர்வையும் கவனிக்கிறது. டிஸ்லெக்ஸியா உள்ளவர்களிடம் இவற்றுள் பின்புறமுள்ள இரண்டு பகுதிகளும் வாசிக்கும்போது குறைவாக இயங்குகின்றன என்பதை யேல் பல்கலைக்கழகத்தின் சாலி ஷேவிட்ஸ் குழு 1998 முதல் வெளியிட்ட ஆய்வுகளும், பின்னர் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் காட்டின. 2001இல் வெளியான ஓர் ஆய்வு இத்தாலியம், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளின் டிஸ்லெக்ஸியா வாசகர்களை ஒப்பிட்டது. எழுத்து முறையின் கடினத்தைப் பொறுத்து வாசிப்புப் பிழைகள் வேறுபட்டாலும், மூளையில் குறைவாக இயங்கிய இடம் ஒன்றாகவே இருந்தது.

வாசிக்காததால் மூளை இப்படி ஆனதா, மூளை இப்படி இருப்பதால் வாசிப்பு வரவில்லையா என்ற ஐயம் நியாயமானது. பாஸ்டனில் நடீன் காப் தலைமையிலான குழு, குடும்பத்தில் டிஸ்லெக்ஸியா உள்ள குழந்தைகளை அவர்கள் வாசிக்கக் கற்பதற்கு முன்பே ஆராய்ந்து, அதே பின்புறப் பகுதிகள் அப்போதே குறைவாக இயங்குவதை 2012இல் காட்டியது. பெற்றோர் ஒருவருக்கு இது இருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ நாற்பது முதல் ஐம்பது விழுக்காடு. ஆகவே இதைச் சோம்பல் என்றோ, வளர்ப்புக் குறை என்றோ சொல்வது பிள்ளைக்கு இழைக்கும் அநீதி. அறிவுத்திறனோடும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அறிவுத்திறன் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற தடுமாறும் வாசகர்களும், குறைந்த மதிப்பெண் பெற்ற தடுமாறும் வாசகர்களும் மூளையில் ஒரே விதமான குறை இயக்கத்தையே காட்டினார்கள் என்று 2011இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. வாசிப்புப் பயிற்சியைத் தொடங்க அறிவுத்திறன் தேர்வின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

இரண்டாவது பிள்ளையின் மூளை பற்றிய ஆய்வுகள் எண்ணிக்கையில் குறைவு. அவள் நன்றாக வாசிப்பதுபோல் தெரிவதால் வகுப்பறையிலும் ஆய்வகத்திலும் நெடுங்காலம் கவனிக்கப்படாமலே போனாள். அமெரிக்காவின் வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் லாரி கட்டிங் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு இரு வகைப் பிள்ளைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தது. டிஸ்லெக்ஸியா உள்ளவர்களிடம் மேலே சொன்ன பிடரி–பொட்டுப் பகுதியில் வேறுபாடு தெரிந்தது. பொருளுணர்வுக் குறைபாடு உள்ளவர்களிடம் அந்த இடத்தில் குறை தெரியவில்லை; மாறாக, அரிதாகப் புழங்கும் சொற்களை வாசிக்கும்போது, இடது நெற்றி மடலின் கீழ்ப்பகுதிக்கும், நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் சார்ந்த பகுதிகளுக்கும் இடையேயான இணைப்பு இயல்பிலிருந்து மாறுபட்டிருந்தது. சொல்லின் ஒலி கிடைத்துவிடுகிறது. அந்தச் சொல்லைத் தன் அறிவுச் சேமிப்போடு கோப்பதில்தான் தடை. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், கடைவிரித்திருக்கும் வழிகளில் பாதியை உடனே ஒதுக்கிவிடலாம்.

எந்தப் பிள்ளை எந்த வகை என்று அறிய ஸ்கேன் தேவையில்லை. பிள்ளையின் வயதுக்கேற்ற இரண்டு பத்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அவனே வாசிக்கட்டும். இன்னொன்றை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். இரண்டிலும் 'யார், எங்கே' என்ற கேள்விகளோடு 'ஏன், அடுத்து என்ன ஆகும்' என்ற கேள்விகளையும் கேளுங்கள். கேட்டால் புரிகிறது, வாசித்தால் புரியவில்லை என்றால் தடை எழுத்தில் இருக்கிறது. வாசிப்பு சரளமாக இருந்தும் இரண்டிலும் புரியவில்லை என்றால் தடை மொழியில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்த பிள்ளைகளும் உண்டு. இது முறையான மதிப்பீட்டுக்கு மாற்று அல்ல. ஆனால் எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்பதைச் சொல்லிவிடும். நம் சூழலில் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளையை ஆங்கிலப் பத்தியால் மட்டும் சோதித்தால், அவனுக்குப் போதிய ஆங்கிலச் சொற்கள் தெரியாததைப் பொருளுணர்வுக் குறைபாடு என்று தவறாக முடிவு கட்டிவிடுவோம். தமிழிலும் சோதிக்க வேண்டும். அப்போதும் பாடநூல் நடையில் ஒன்றையும் பேச்சு நடையில் ஒன்றையும் சொல்லிப் பார்க்க வேண்டும். வீட்டுப் பேச்சுக்கும் எழுத்து நடைக்கும் இவ்வளவு இடைவெளி உள்ள மொழியில், பேச்சு நடையில் புரிந்து பாடநூல் நடையில் புரியாமல் போவது குறைபாடு ஆகாது. எழுத்து நடை காதில் போதுமான அளவு விழவில்லை என்பதற்கே அது அடையாளம்.

இனி வழிகளுக்கு வருவோம். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை ஒழுங்கான வரிசையில், வெளிப்படையாக, திரும்பத் திரும்பக் கற்பிக்கும் முறைக்கே டிஸ்லெக்ஸியாவைப் பொறுத்தவரை வலுவான சான்று இருக்கிறது. 2014இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள், குலுக்கல் முறையில் பிள்ளைகளைப் பிரித்து நடத்திய 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் புள்ளியியல் உறுதியோடு பயன் காட்டிய அணுகுமுறை இது ஒன்றாகவே இருந்தது. பயன் மிதமானதுதான், ஒரே பருவத்தில் பிள்ளை வகுப்பின் முன்வரிசைக்கு வந்துவிடுவான் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். ஆனால் அந்த மிதமான பயன் மூளையிலும் தடம் பதிக்கிறது. ஷேவிட்ஸ் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் 50 நிமிடம் வீதம் எட்டு மாதம் ஒலி சார்ந்த தனிப்பயிற்சி பெற்ற 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளிடம், பயிற்சி முடிந்து ஓராண்டுக்குப் பின்னும் சொல்வடிவப் பகுதியின் இயக்கம் கூடியிருந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 2009இல் டிமத்தி கெல்லரும் மார்செல் ஜஸ்ட்டும், 100 மணிநேர வாசிப்புப் பயிற்சிக்குப் பின் இடது அரைக்கோளத்தில், மூளைப் பகுதிகளை இணைக்கும் வெண்பொருள் நார்த்தடம் ஒன்றின் தரம் மேம்பட்டதைக் கண்டார்கள். சியாட்டிலில் 2018இல் வெளியான ஆய்வில், நாளுக்கு நான்கு மணிநேரம், எட்டு வாரம் என்ற தீவிரப் பயிற்சியின்போதே பல நார்த்தடங்கள் மாறத் தொடங்கின.

இந்த எண்களைப் பெற்றோர் முடிவெடுக்கும் கண்ணோட்டத்தில் படிக்கவேண்டும். வாரம் ஒரு மணிநேர வகுப்பில் 100 மணிநேரத்தை எட்ட ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும். ஆய்வுகளில் பயன் தந்தது தினசரிப் பயிற்சி. ஆகவே, பெயர்பெற்ற மையத்தில் வாரம் ஒருநாள் என்பதற்கும், முறையாகப் பயிற்சி பெற்ற ஒருவர் வழிகாட்ட வாரம் ஐந்து நாள் அரைமணிநேரம் என்பதற்கும் இடையே தேர்வு வந்தால், இரண்டாவதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

தமிழுக்கு இந்த முறையை அப்படியே ஆங்கிலத்திலிருந்து பெயர்த்து வைக்க முடியாது. ஆங்கிலத்தில் பிள்ளை பிழையாக வாசிப்பான். எழுத்தும் ஒலியும் பெரிதும் ஒத்துப்போகும் ஜெர்மன், ஃபின்னியம் போன்ற மொழிகளில் டிஸ்லெக்ஸியா பிழையாக வெளிப்படுவதைவிட மந்தமான வாசிப்பாகவே வெளிப்படுகிறது. தமிழ் இந்த இரண்டாவது வகைக்கு நெருக்கமானது என்றாலும், அதற்கென்று சில இடர்களும் உண்டு. 247 எழுத்துகளை வரிசையாக ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளையிடம் 'கூ' என்ற எழுத்தைத் தனியாகக் காட்டினால், சில பிள்ளைகள் 'க, கா, கி, கீ, கு' என்று முதலிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வந்துதான் 'கூ'வில் நிற்கிறார்கள். ராகம் மனப்பாடம் ஆகியிருக்கிறது; 'க்'கும் 'ஊ'வும் சேர்ந்தது 'கூ' என்ற உணர்வு பிறக்கவில்லை. உகர, ஊகாரக் குறிகள் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுபவை. 'மு'வுக்கும் 'மூ'வுக்கும் உள்ள சிறு சுழிப்பு வேறுபாட்டில்தான் மூட்டை முட்டையாகிறது. 'கெ', 'கே', 'கொ' ஆகியவற்றில் கொம்பு இடப்பக்கம் வருகிறது, ஒலியோ மெய்க்குப் பின்னால் வருகிறது. 'கடல்', 'அகம்', 'தங்கம்' மூன்றிலும் ஒரே ககரம், ஒலி மூன்று விதம். நல்ல பயிற்சி இந்த இடங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எழுத்தை உயிராகவும் மெய்யாகவும் பிரித்துக்காட்டி, வரிசை கலைத்துப் பழக்கும். வரிசையை இன்னும் நூறுமுறை எழுதவைப்பது இந்தப் பயிற்சி ஆகாது. ஆங்கிலத்துக்காகச் சேர்க்கும் ஃபோனிக்ஸ் வகுப்பு ஆங்கில எழுத்துக்கு உதவும். தமிழ் எழுத்துக்குத் தனியாக உழைக்கவேண்டும்.

இதே பயிற்சியை இரண்டாவது பிள்ளைக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? ஏற்கெனவே சரளமாக வாசிப்பவள் இன்னும் சற்று வேகமாக வாசிப்பாள். மழைக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பு அவளுக்கு அப்போதும் எட்டாது. ஃபோனிக்ஸ் முடித்தும் மதிப்பெண் ஏறவில்லை என்ற மனக்குறையில் ஒரு பகுதி இப்படித் தவறான பிள்ளைக்குத் தந்த சரியான பயிற்சியால் எழுவது என்றே நான் கருதுகிறேன்.

அவளுக்கு எது உதவும் என்பதற்கு, பிரிட்டனில் யார்க் பல்கலைக்கழகத்தின் பவுலா கிளார்க், மார்கரெட் ஸ்னோலிங், சார்ல்ஸ் ஹியூம் முதலியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வைப்போல் தெளிவான விடை தருவது அரிது. வாசிப்பு சரியாக இருந்து பொருளுணர்வு மட்டும் குறைந்த எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எழுத்துப் பத்தியை வைத்து உத்திகள் கற்பிக்கப்பட்டன: மறுபடி வாசித்தல், மனத்தில் காட்சியாக்குதல், ஊகித்தல். இன்னொரு குழுவுக்கு எழுத்தே இல்லாமல் வாய்மொழியிலேயே பயிற்சி: புதிய சொற்கள், கேட்டுப் புரிந்துகொள்ளுதல், உவமையும் மரபுத்தொடரும், கதை சொல்லுதல். மூன்றாவது குழுவுக்கு இரண்டும் கலந்து. நான்காவது குழு காத்திருந்தது. வாரம் மூன்று அரைமணிநேர அமர்வுகள் வீதம் 20 வாரங்கள். பயிற்சி பெற்ற மூன்று குழுக்களும் முன்னேறின. ஆனால் பயிற்சி முடிந்து 11 மாதம் கழித்துச் சோதித்தபோது, வாய்மொழிக் குழு மட்டும் தொடர்ந்து மேலே ஏறியிருந்தது. அந்த ஏற்றத்துக்குச் சொல்வளம் கூடியது ஒரு முக்கியக் காரணமாக இருந்தது.

வாசிப்பை மேம்படுத்த வாசிப்பே இல்லாத பயிற்சியா என்று தயங்கும் பெற்றோர் இந்த முடிவைக் கவனித்துப் பார்க்க வேண்டுகிறேன். கட்டிங் குழு மூளையில் கண்ட குறை, சொல்லை நினைவுச் சேமிப்போடு இணைக்கும் இடத்தில் இருந்தது. யார்க் ஆய்வில் பயன் தந்ததும் சொல்லையும் அதைச் சுற்றிய அறிவையும் வளர்த்த பயிற்சியே. இரண்டும் தனித்தனியே நடந்த ஆய்வுகள் என்பதால் ஒன்று மற்றொன்றை நிரூபிக்கிறது என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன. உத்திகளைக் கற்பிக்கும் வகுப்புகள் விரைவில் பலன் காட்டும், விரைவில் உச்சத்தையும் தொட்டுவிடும். முக்கியக் கருத்தைக் கண்டுபிடி என்ற உத்தியை எத்தனை முறை பழக்கினாலும், பத்தி பேசும் பொருளைப் பற்றி ஒன்றும் தெரியாத பிள்ளைக்கு அது உதவாது. அமெரிக்காவில் 1988இல் நடந்த ஓர் ஆய்வில், பேஸ்பால் ஆட்டத்தை நன்கறிந்த வாசிப்புத் திறன் குறைந்த மாணவர்கள், அதை அறியாத நல்ல வாசகர்களைவிடப் பேஸ்பால் பற்றிய பத்தியை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். எனவே இரண்டாவது பிள்ளைக்கு நான் பரிந்துரைப்பது உத்தி வகுப்பை அன்று. ஒவ்வொரு நாளும் ஒரு கதையோ செய்தியோ வாசித்துக் காட்டி, அதில் வரும் இரண்டு மூன்று புதிய சொற்களைப் பல சூழல்களில் புழங்கவைத்து, சொல்லாமல் விடப்பட்டதைக் கேட்டு, கதையை அவள் வாயாலேயே திரும்பச் சொல்லவைக்கும் தொடர்ந்த வாய்மொழிப் பயிற்சியை. கடுமையான நிலையில் மொழிப் பயிற்சியாளர் ஒருவரின் மதிப்பீடும் தேவைப்படும். ஏனெனில் இத்தகைய பிள்ளைகளில் பலருக்குப் பேச்சுமொழியிலேயே வெளித்தெரியாத குறை இருப்பதைக் கேட் நேஷன் முதலியோரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்த வழி செலவு குறைந்தது, பெற்றோரின் நேரத்தைக் கூடுதலாகக் கேட்பது. முன்னேற்றமும் மெதுவாகவே தெரியும். மாதத் தேர்வில் அளந்து பார்த்து மனம் தளரக் கூடாது.

கணினிப் பயிற்சிகளை எடுத்துக்கொள்வோம். மூளைப் படங்களோடு விற்கப்படுவதில் முதலிடம் இவற்றுக்குத்தான். ஃபாஸ்ட் ஃபார்வேர்டு என்ற மென்பொருள், வேகமாக மாறும் ஒலிகளைப் பிரித்தறியப் பழக்கினால் வாசிப்பு வரும் என்ற கருதுகோளில் உருவானது. 2003இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தப் பயிற்சிக்குப் பின் டிஸ்லெக்ஸியா உள்ள 20 பிள்ளைகளின் மூளையில் குறை இயக்கப் பகுதிகள் உயிர்பெற்றதைக் காட்டியது. அந்தப் படங்கள் உலகெங்கும் பரவின. ஆனால் கட்டுப்பாட்டுக் குழுவோடு நடந்த ஆய்வுகளை மட்டும் தொகுத்து 2011இல் பார்த்தபோது, இந்த மென்பொருள் வாசிப்பையோ மொழியையோ மேம்படுத்துகிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. மூளைப் படத்தில் மாற்றம் தெரிவது ஒன்று, பிள்ளை முன்பைவிட நன்றாக வாசிப்பது வேறொன்று. நமக்கு வேண்டியது இரண்டாவது. எந்தத் துண்டறிக்கையைக் கையில் எடுத்தாலும், பயிற்சி பெறாத ஒப்பீட்டுக் குழு இருந்ததா, அளந்தது வாசிப்பையா வேறெதையாவதா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டால் போதும். ஒரு செய்தியைச் சிறிது நேரம் மனத்தில் நிறுத்திக் கையாளும் திறனான செயல்நினைவை வளர்க்கும் கணினி விளையாட்டுகளும் இந்தச் சோதனையில் தேறவில்லை. பிள்ளை அந்த விளையாட்டில் தேர்ச்சி பெறுகிறான், வாசிப்பில் அல்ல.

ஃபின்லாந்தின் யுவாஸ்குலா பல்கலைக்கழகத்தில் உருவான கிராஃபோகேம் இவற்றிலிருந்து மாறுபட்டது; அது நேரடியாக எழுத்தையும் ஒலியையும் பொருத்தப் பழக்குவது. அதைப் பற்றிய ஆய்வுகளின் தொகுப்பாய்வு சொன்ன செய்தி மிகவும் பயனுள்ளது: செயலியைக் கையில் கொடுத்துவிட்டு விலகிவிட்டால் சொல் வாசிப்பில் சராசரிப் பயன் ஏறத்தாழ இல்லை, பெரியவர் ஒருவர் உடன் அமர்ந்து ஈடுபட்டால் பயன் தெளிவாகத் தெரிகிறது. ஆகவே செயலியை ஆசிரியருக்கு மாற்றாக வாங்குவதில் பொருளில்லை. ஆசிரியரோ பெற்றோரோ பயன்படுத்தும் துணைக் கருவியாக வாங்கலாம்.

கண் சார்ந்த வழிகளைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. பார்வைக் கூர்மை குறைவாக இருந்தால் கண்ணாடி போடத்தான் வேண்டும். அந்தச் சோதனையை எல்லாப் பிள்ளைகளுக்கும் முதலில் செய்துவிடலாம். நிற வில்லைகள், நிறத் தாள்கள், கண் தசைப் பயிற்சிகள் ஆகியவற்றை டிஸ்லெக்ஸியாவுக்குப் பரிந்துரைக்கச் சான்றில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் கண் மருத்துவ அமைப்புகளும் 2009இல் கூட்டாக அறிவித்தன. டிஸ்லெக்ஸியா உள்ளவர்களின் மூளையில் அசைவைக் காணும் பகுதி குறைவாக இயங்குவது உண்மை. கண் சார்ந்த சிகிச்சைகளுக்கு அதைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். ஆனால் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் கினிவிர் ஈடன் குழு 2013இல், டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைகளை அவர்களுடைய வாசிப்பு நிலையிலேயே உள்ள இளைய பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது அந்த வேறுபாடு மறைந்தது. ஒலி சார்ந்த வாசிப்புப் பயிற்சி தந்தபோது அப்பகுதியின் இயக்கமும் கூடியது. வாசிப்பு குறைந்ததால் அப்பகுதி பழகவில்லையே தவிர, அப்பகுதியால் வாசிப்பு குறையவில்லை. நம் நாட்டிலேயே இதற்குத் துணை நிற்கும் ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. லக்னோ அருகேயுள்ள கிராமங்களில், எழுத்தறியாத பெரியவர்கள் ஆறு மாதம் இந்தி வாசிக்கக் கற்றபின், மூளையின் மேலடுக்கான புறணிக்குக் கீழே ஆழத்தில் உள்ள பார்வை சார்ந்த பகுதிகளின் ஒருங்கிணைவுகூட மாறியிருந்ததை 2017இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. டிஸ்லெக்ஸியாவுக்கான தனி எழுத்துருக்களும் சோதனைகளில் வாசிப்பை மேம்படுத்தவில்லை. எழுத்தின் அளவையும் இடைவெளியையும் சற்றுக் கூட்டுவதில் தவறில்லை, செலவும் இல்லை.

பிள்ளையின் மூளையை ஸ்கேன் செய்து பயிற்சியைத் தேர்ந்தெடுக்கலாமா என்று கேட்பவர்கள் கூடிவருகிறார்கள். ஸ்டான்ஃபோர்டில் ஃபுமிகோ ஹோஃப்ட் குழு 2011இல், டிஸ்லெக்ஸியா உள்ள 25 பிள்ளைகளில் இரண்டரை ஆண்டுக்குப் பின் யார் முன்னேறுவார் என்பதை மூளைப் படத்திலிருந்து தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் சரியாகக் கணித்தது. வியப்புக்குரிய ஆய்வுதான். ஆயினும் அது ஒரு சிறு குழுவை மட்டும் ஆராய்ந்து சொன்னது. தனியொரு பிள்ளைக்கு இந்தப் பயிற்சி, அந்தப் பயிற்சி என்று ஸ்கேனைப் பார்த்துச் சொல்லும் நிலை இன்னும் வரவில்லை. அந்தப் பணத்தைப் பயிற்சிக்குச் செலவிடுங்கள்.

காத்திருப்பது என்ற வழிக்குச் செலவில்லை என்று தோன்றும். உண்மையில் எல்லாவற்றிலும் விலை கூடியது அதுதான். கானி ஜூயல் 1988இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வகுப்பின் முடிவில் வாசிப்பில் பின்தங்கிய பிள்ளை நான்காம் வகுப்பின் முடிவிலும் பின்தங்கியே இருப்பதற்கான வாய்ப்பு 88 விழுக்காடாக இருந்தது. டொரண்டோவில் மோரீன் லவெட் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பயிற்சியை முதல், இரண்டாம் வகுப்புகளில் பெற்றவர்கள், மூன்றாம் வகுப்பில் பெற்றவர்களைவிட அடிப்படைச் சொல் வாசிப்புத் திறன்களில் ஏறத்தாழ இருமடங்கு முன்னேறினார்கள். அதே வகுப்பில் இன்னோர் ஆண்டு உட்காரவைப்பதும் காத்திருப்பின் மற்றொரு வடிவமே. பயன் தராத அதே கற்பித்தலை மறுபடி ஓராண்டு தருவதோடு, பிள்ளையின் நண்பர்களையும் பறித்துவிடுகிறது. நாம் காத்திருக்கும் மாதங்களில் பிள்ளை சும்மா இருப்பதில்லை. தன்னை மக்கு என்று நம்பக் கற்றுக்கொண்டிருக்கிறான். எனக்கு மிகவும் வேதனை தருவது இதுதான்.

தேர்வுச் சலுகைகளும் வாசித்துக் காட்டும் மென்பொருளும் பயிற்சிக்கு எதிரானவை என்று சிலர் அஞ்சுகிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்லெக்ஸியாவை உள்ளடக்கிய குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை ஏற்றுக்கொண்டிருப்பதால், கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்றவற்றைக் கேட்பது பிள்ளையின் உரிமை. கெஞ்சிப் பெறும் உதவி அன்று. இவற்றின் பயன் யாருக்கு என்பதிலும் நம் முதல் வேறுபாடே முடிவு சொல்கிறது. பாடத்தை ஒலிவடிவில் கேட்கும் வசதி முதல் பிள்ளைக்குப் பெரும் விடுதலை. எழுத்துப் பயிற்சி மெதுவாக நடக்கும் ஆண்டுகளில் அறிவியலும் வரலாறும் அவனைவிட்டுப் போய்விடாமல் அது காக்கும். அவன் சொல்வளம் தேங்கிவிட்டால் இரண்டாவது சிக்கலும் வந்து சேர்ந்துகொள்ளும். ஏனெனில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் புதிய சொற்களில் பெரும்பகுதி வாசிப்பின் வழியேதான் வருகிறது. இரண்டாவது பிள்ளைக்கு ஒலிவடிவம் மட்டும் தந்தால் பெரிதாக உதவாது. காதில் விழுந்தாலும் அவளுக்கு அதே தடைதான். நடுவில் நிறுத்தி, கேள்வி கேட்டு, சொல்லை விளக்கும் ஒருவர் அவள் அருகில் இருக்கவேண்டும்.

இரண்டு சிக்கலும் சேர்ந்த பிள்ளைக்கு எதை முதலில் தொடங்குவது என்று கேட்டால், ஒன்றை முடித்து மற்றதைத் தொடங்க வேண்டாம் என்பேன். மாலையில் அரைமணிநேரம் எழுத்தும் ஒலியும். இரவில் படுக்கும் முன், எழுத்தைக் காட்டாமல், வாசித்துக் காட்டலும் பேச்சும். முதல் அரைமணிக்கு, தமிழ் எழுத்தின் கொம்பும் சுழியும் எங்கே தடுக்கின்றன என்று அறிந்த சிறப்பாசிரியர் ஒருவரின் வழிகாட்டுதல் வேண்டும். மற்றதை வீட்டில் யாரும் செய்யலாம், பாட்டியோ தாத்தாவோ செய்தால் இன்னும் நல்லது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே இரண்டு பத்திச் சோதனையைப் புதிய பத்திகளோடு செய்து பாருங்கள். வாசிப்பும் கேட்டலும் ஒன்றையொன்று நெருங்கினால் எழுத்துப் பயிற்சி வேலை செய்கிறது. எழுத்துப் பயிற்சியில் அசைவே இல்லையென்றால், வேறு முறைக்குத் தாவுவதற்கு முன், வாரத்தில் எத்தனை நாள் நடந்தது, எத்தனை பிள்ளைகள் ஒரே மேசையில் இருந்தார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் குறை முறையில் இருக்காது, அளவில் இருக்கும். எட்டாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைக்கு இந்த விகிதம் மாறவேண்டும்: எழுத்துப் பயிற்சியை நிறுத்தாமல், ஒலிவடிவப் பாடங்களுக்கும் தேர்வுச் சலுகைகளுக்கும் கூடுதல் இடம் கொடுத்து, அதற்கான சான்றிதழ் மதிப்பீட்டைப் பொதுத்தேர்வு ஆண்டு தொடங்கும்வரை தள்ளிப்போடாமல் ஒன்பதாம் வகுப்பிலேயே முடித்துவிடுங்கள்.